சைவக் கத்தி

ஓய்வு பெற்றவனைத் திரும்பக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துகிறார்கள் என்றால், அவனுக்கு ஏதோ வேலை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போன மாதம் எங்கள் பழைய ஆய்வகத்தில் புதிதாக ஒரு ஸ்கேனரைத் தொடங்கிவைத்தார்கள். கண்ணாடி ஸ்லைடைச் செருகினால் அது மொத்தத்தையும் படம் பிடித்து, புற்றுநோய் செல்லாக இருக்கலாம் என்று தோன்றுகிற இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டுத் திரையில் காட்டுகிறது. எனக்குச் சால்வை வந்தது, பிளம் கேக் வந்தது. கேக்கை முழுசாக வாயில் போட்டுக்கொண்ட நேரம் பார்த்து, இப்போது ஆய்வகப் பொறுப்பில் இருக்கிற நித்யா, "சார், ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க, எங்க பசங்கல்லாம் கேக்கறாங்க" என்றார். வாய் நிறைய கேக் இருக்கும்போது யாராலும் மறுக்க முடியாது. தலையை மட்டும்தான் ஆட்ட முடியும். எனவே இந்தக் கட்டுரையில் உள்ள குறைகளுக்கு அந்தக் கேக்கே பொறுப்பு.

என் பெயர் செல்வராஜ். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில், அறுவை சிகிச்சையில் எடுத்த சதையை மெழுகில் ஏற்றி, மெல்லியதாகச் சீவி, சாயம் போட்டு, டாக்டரின் நுண்ணோக்கிக்கு அனுப்புகிற வேலையில் இருந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனார், "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். "கேன்சர் கண்டுபிடிக்கிற வேலை" என்றேன். "டாக்டரா?" என்றார். "டாக்டருக்கு முன்னாடி" என்றேன். அவர் அதை டாக்டரைவிடப் பெரிய பதவி என்று புரிந்துகொண்டு பெண் கொடுத்துவிட்டார். திருத்தலாம் என்று இருந்தேன். அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.

இந்தப் பிரிவுக்கு நான் வந்த கதை சின்னது. டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்த அன்று, எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டார்கள். ரத்தப் பிரிவு என்றால் எனக்கு மயக்கம் வரும். சிறுநீர்ப் பிரிவு என்றால் கல்யாணம் ஆகாது என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். மூன்றாவதாக ஹிஸ்டோ என்று ஏதோ சொன்னார்கள். கேட்பதற்குப் படித்தவன் வேலை மாதிரி இருந்தது. போனேன். முதல் வருஷம் நான் சீவியதில் நுண்ணோக்கிக்குப் போனதைவிட மின்விசிறிக் காற்றில் போனதுதான் அதிகம். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பதினைந்து சீவல் எடுக்கலாம், அவ்வளவு மெலிசு. பக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டால் சீவல் பறந்துபோகும். அதனால் எங்கள் அறையில் மின்விசிறிக்குத் தடை. ஏசி வருகிற வரைக்கும் தாம்பரத்து மே மாத வெயிலில் பனியனோடு உட்கார்ந்து, தும்மலை மூக்கிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டு சக்கரம் சுற்றியிருக்கிறேன். 'சீவல் செல்வராஜ்' என்று பெயர் வைத்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டிய ஆள் என்றும் ஒரு பொருள் எடுத்துக்கொண்டு நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

வேலை என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு வருவது புரியாது. பதப்படுத்திய சதைத்துண்டைத் தீப்பெட்டி அளவு மெழுகுக் கட்டைக்குள் புதைப்போம். அதை ஐஸ் மேல் குளிரவைத்து, சக்கரம் வைத்த கருவியில் மாட்டிச் சீவினால் மெழுகு ரிப்பன் மாதிரி இறங்கி வரும். அந்த ரிப்பனை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவோம். அதற்கு எங்கள் பெயர் 'குளம்'. சுருக்கம் நீங்கி விரிந்ததும் அடியில் கண்ணாடியை விட்டுத் தூக்கினால் சீவல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு சாயம்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. முந்தைய நோயாளியின் சதையில் ஒரு துணுக்கு குளத்தில் தங்கிவிட்டால், அது அடுத்தவருடைய கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். அதை நாங்கள் 'விருந்தாளி' என்போம். ஒரு தடவை ஒரு முதியவரின் புராஸ்டேட் ஸ்லைடில் நஞ்சுக்கொடித் துணுக்கு ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் தலைமை டாக்டர் லில்லி மேடம் என்னைக் கூப்பிட்டு, "செல்வராஜ், வாங்க, உட்காருங்க. இந்தத் தாத்தாவுக்குக் குழந்தை பிறந்திருக்கு. ஸ்வீட் எங்கே?" என்றார். அதைச் சீவியது யார் என்று வரலாற்றில் குறிப்பு இல்லை. அன்றைக்கு வேலையில் நான் மட்டும்தான் இருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

லில்லி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலையூர்க்காரர். காட்டன் புடவை, அதற்கு மேல் கசங்காத வெள்ளைக் கோட்டு, கையில் எப்போதும் பென்சில். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். "வாப்பா செல்வராஜ்" என்றால் எல்லாம் நலம். "செல்வராஜ், கொஞ்சம் வாங்க" என்றால் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓடுவேன். "திரு. செல்வராஜ் அவர்களே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அன்று மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஸ்லைடில் பொருந்தாத எதைப் பார்த்தாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது யாருது?"

சைவக் கத்தி அவருடைய ஏற்பாடு. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை செய்தால் கட்டி இருக்கிற மடல் என்கிற நுரையீரல் பகுதியும், அதைச் சுற்றி நிணநீரை வடிகட்டுகிற நெறிக்கட்டிகளும் எங்களிடம் வரும். நோய் வெளியே கிளம்பியிருந்தால் முதலில் போய் இறங்குகிற இடம் இந்த நெறிக்கட்டிகள்தான். கட்டியை அறுத்த கத்தியாலேயே நெறிக்கட்டியையும் அறுத்தால், கட்டியின் செல்கள் கத்தியில் ஒட்டிக்கொண்டு அங்கே போய்விடலாம். பிறகு பார்க்கிறவருக்கு நோய் பரவின மாதிரி தெரியும். "ஒரே கரண்டியில சாம்பாரும் மீன் குழம்பும் எடுப்பீங்களா?" என்று கேட்டார் மேடம். எங்கள் வீட்டில் எடுப்போம். சொல்லவில்லை. மறுநாள் இரண்டு கத்திகள் வந்தன. ஒன்றின் பிடியில் பச்சைப் புள்ளி, இன்னொன்றில் சிவப்புப் புள்ளி, பிஸ்கட் பாக்கெட்டில் இருக்குமே, அதே மாதிரி. பச்சை நெறிக்கட்டிக்கு. சிவப்பு கட்டிக்கு. முதலில் சைவம், பிறகு அசைவம், நடுவில் பலகையைத் துடைத்துப் புதுத் தாள் விரிக்க வேண்டும். இவ்வளவு ஆசாரம் பார்த்த மேடத்தின் டிபன் டப்பாவில் வெள்ளிக்கிழமைதோறும் மாட்டுக்கறி வறுவல் இருக்கும் என்பதையும், அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் இங்கே நன்றியோடு பதிவு செய்கிறேன்.

இப்போது வேலுவின் கதைக்கு வருகிறேன். பெயர் மாற்றியிருக்கிறேன். அவர் மனைவியிடம் எழுதலாமா என்று அனுமதி கேட்டபோது, தன் பெயரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டார். "கோட்டீஸ்வரின்னு போடு சார். பேர்லயாவது கோடி கெடக்கட்டும்." அவர் அனகாபுத்தூரில் மீன் விற்கிறவர். வேலு தாம்பரத்துக்கும் சேலையூருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். பீடி, சிகரெட் எதுவும் தொட்டதில்லை. விடாத இருமலுக்குப் படம் எடுத்தபோது வலது நுரையீரலின் கீழ் மடலில் கட்டி இருந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது. மடல் ஒரு வாளியிலும், அதோடு ஒட்டியிருந்த ஒன்று தவிர மற்ற நெறிக்கட்டிகள் சின்னச் சின்னப் புட்டிகளிலும் எங்களிடம் வந்தன.

நெறிக்கட்டிகள் கரிக்கட்டை மாதிரி கறுப்பாக இருந்தன. நம் ஊரில் நுரையீரல் நெறிக்கட்டி எல்லாமே கொஞ்சம் கறுப்புத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் நாம் விட்ட மூச்சு காற்றோடு போய்விடும், இழுத்த மூச்சின் புகை நெறிக்கட்டியில் தங்கிவிடும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ரோடே உள்ளே இருந்தது. அந்தக் கரிக்கு நடுவில் ஓரிரண்டு கெட்ட செல்களைத் தேடுவது சாதாரணச் சாயத்தில் கஷ்டம். அதற்கு ஒரு தனிச் சாயம் உண்டு. நெறிக்கட்டிக்குள் இருக்க உரிமையில்லாத செல் இருந்தால் அதை மட்டும் பழுப்பாக்கிக் காட்டும். மேடம் சந்தேகம் தீர அதையும் போடச் சொன்னார்.

நெறிக்கட்டிகள் சுத்தம் என்றால் வேலு வீட்டுக்குப் போகலாம், அவ்வப்போது பரிசோதனை, அவ்வளவுதான். அதில் நோய் இருந்தால் மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும். ஆட்டோவைத் தொட முடியாது. கோட்டீஸ்வரிக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. எங்கள் ஜன்னலுக்கு வந்து அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பரவிச்சா, இல்லியா, அத்த சொல்லு சார்."

"இன்னும் முடியலம்மா."

"இன்னா முடியல? ஒரு கூடை மீன அறுத்துக் குடுத்துட்டு வந்துகினுகீறேன். நீ இத்தனூண்டு சதைய வெச்சிக்கினு இன்னும் அறுக்கிறியா?" ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மெழுகுக் கட்டைகள் ஐஸ் தட்டில் வரிசையாக இருந்தன. "நீயும் ஐஸ்லதான் வெச்சுகினுகீற. நானும் ஐஸ்லதான் வெக்கிறேன். இன்னா வித்தியாசம்?"

"நீங்க அறுத்தா குழம்பு. நான் அறுத்தா ரிப்போர்ட்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் ஜோக் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. "டாக்டர்தான்மா சொல்லணும்" என்று முணுமுணுத்துவிட்டு ஐஸ் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். ஐஸைத் துடைக்க முடியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "செல்வராஜ், கொஞ்சம் வாங்க."

மேடத்தின் நுண்ணோக்கிக்கு இரண்டு முகம் உண்டு, எதிரில் உட்கார்ந்தும் பார்க்கலாம். பார்த்தேன். நீல மைதானம், நடுநடுவே கரி. நெறிக்கட்டியின் ஓரத்தில், விளிம்பை ஒட்டி, பழுப்பாக ஒரு புள்ளி. நாலைந்து செல்கள் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு நின்றன.

"இது யாருது?" என்றார் மேடம்.

"குளத்து விருந்தாளியா இருக்குமா மேடம்?"

"அன்னிக்கு வெட்டின மத்த எல்லா ஸ்லைடையும் பார்த்துட்டேன். இந்த மாதிரி செல் வேற யார்கிட்டயும் இல்ல. இவரோட கட்டியில மட்டும்தான் இருக்கு."

"அப்ப பரவியிருக்கு."

"இல்லன்னா கட்டியை வெட்டின கத்தி நெறிக்கட்டி மேல பட்டிருக்கு. ஓரத்துல இருக்கு பாருங்க. கத்தி தடவிட்டுப் போனாலும் இப்படித்தான் இருக்கும்." பென்சிலை மேசையில் படுக்கவைத்தார். "மடலோட ஒட்டி வந்த நெறிக்கட்டி இது. நான் வெட்டினேன், கத்தி எடுத்துக் கொடுத்தது நீங்க. எந்தக் கத்தி?"

யோசித்தேன். அன்றைய காலை முழுசாக ஞாபகம் இருந்தது. மேசை ஞாபகம், வாளி ஞாபகம், அப்போது நான் சொல்லிக்கொண்டிருந்த ஜோக்கூட ஞாபகம். கத்திப் பிடியில் இருந்த புள்ளி மட்டும் ஞாபகமில்லை.

"பச்சைதான் கொடுத்திருப்பேன் மேடம். ஆனா அப்ப ஒரு ஜோக் சொல்லிட்டிருந்தேன்."

"எனக்கும் ஜோக்தான் ஞாபகம் இருக்கு. நான் சிரிச்சேனா?"

"சிரிச்சீங்க மேடம்."

"அப்ப ரெண்டு பேர் மேலயும் சந்தேகம்" என்றார்.

அறிக்கையில் எதை எழுதுவது? பரவியது என்று எழுதி, அது கத்தியின் வேலையாக இருந்தால், நோயில்லாத மனிதருக்கு மாதக்கணக்கில் விஷம் ஏற்றுவோம். கத்தியின் வேலை என்று தள்ளிவிட்டு, அது நிஜமாக இருந்தால், உள்ளே ஒருவனை விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவோம். வழி ஒன்றுதான் இருந்தது. கத்தி தடவியது மேற்பரப்பில்தான் இருக்கும். கட்டையை இன்னும் ஆழமாகச் சீவிக்கொண்டே போனால், கத்தியின் வேலை மறைந்துவிடும். நிஜமாக வந்து உட்கார்ந்தது என்றால் உள்ளேயும் இருக்கும். சிக்கல் என்னவென்றால் அந்தக் கட்டையில் மிச்சமிருந்த சதை கொஞ்சம்தான். சீவி வீணாக்கினால் திரும்பக் கிடைக்காது.

மேடம் கோட்டீஸ்வரியை உள்ளே அழைத்தார். எதையும் மூடி மறைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, சைவக் கத்தி, அசைவக் கத்தி, விருந்தாளி எல்லாவற்றையும் விளக்கினார்.

"அந்தத் துணுக்கு தானா வந்து தங்கினதா, கத்தியில ஒட்டிக்கிட்டு வந்ததான்னு தெரியணும். திரும்ப வெட்டிப் பார்க்கப் போறோம். நாளைக்குச் சொல்றேன்."

கோட்டீஸ்வரி என் பக்கம் திரும்பினார். "கத்தி குடுத்தது நீயா?"

"ஆமாம்மா."

"நீ மாத்திக் குடுத்திருந்தா எங்க வூட்டுக்காரருக்கு நல்லதா, கெட்டதா?"

"நல்லது. அப்ப பரவலன்னு அர்த்தம்."

என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"அப்ப மாத்தித்தான் குடுத்திருப்ப சார். உன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

என் முகத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தவர்கள் யாரும் கிடையாது.

பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குளத்தைத் தேய்த்துக் கழுவினேன். புதுத் தண்ணீர், புது பிளேடு. வேறு எந்தக் கட்டையும் அந்த மேசைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்ததே இல்லை. சக்கரத்தைச் சுற்றினேன். மெழுகு ரிப்பன் இறங்கியது. தூரிகை முனையால் தாங்கிக் குளத்தில் விட்டு, எது முதல், எது அடுத்தது என்று வரிசை பிசகாமல் கண்ணாடியில் எடுத்தேன். சீவச் சீவக் கட்டைக்குள் இருந்த கறுப்புப் பொட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. தும்மல் வருகிற மாதிரி இருந்தது. மூக்கை மேல்கையில் அழுத்திக்கொண்டேன்.

"என்ன, ஜோக் ஒண்ணும் இல்லையா?" என்றார் மேடம்.

"ஸ்டாக் இல்ல மேடம்."

சாயம் ஏறி முடிய மறுநாள் ஆகும். அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கேம்ப் ரோட்டில் ஒரு மாதா கோயில் வந்தது, கொஞ்ச தூரத்தில் ஒரு பிள்ளையார் கோயிலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான் நான், ஆனால் அன்று மதம் பார்க்கிற நிலைமையில் இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே மனு போட்டேன்: நான் கத்தியை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளையாருக்கு அப்படி ஒரு விண்ணப்பம் அதற்குமுன் வந்திருக்காது.

வீட்டில் என் மனைவி எஸ்தர், "ஏன் இப்படி உம்முன்னு இருக்கீங்க?" என்று கேட்டாள். ஊர் பேர் சொல்லாமல், "நான் ஒரு தப்பு பண்ணியிருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"கல்யாணமான நாள்லேருந்து நீங்க பண்றது தப்புன்னு நான் சொல்றேன். ஒரு நாளாவது ஒத்துக்கிட்டீங்களா? இன்னிக்கு யாரோ ஒருத்தருக்காகத் தேடிப் போய் ஒத்துக்கறீங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை போட்டாள். நியாயமான கேள்விதான். தோசையும் நன்றாக இருந்தது.

மறுநாள் ஸ்லைடுகளை அடுக்கி மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் ஸ்லைடில் பழுப்புப் புள்ளி இருந்தது. அடுத்ததில் மறையும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறையவில்லை. அதற்கடுத்ததில் இன்னும் பெரிதாக இருந்தது. ஆழம் போகப் போக விளிம்பை விட்டு உள்ளே நகர்ந்து, நெறிக்கட்டிக்குள் நிணநீர் ஓடுகிற வாய்க்காலை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கரி, சுற்றிலும் நீலச் செல்கள். எந்தக் கத்தியும் அங்கே போய் எதையும் வைத்துவிட்டு வர முடியாது.

மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். அளந்தார். பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இது விருந்தாளி இல்ல. குடித்தனக்காரன்."

நான் ஸ்லைடுகளைத் தட்டில் திரும்ப அடுக்க ஆரம்பித்தேன்.

"கத்தி மேல தப்பில்ல. சீவலும் ஒண்ணுகூட வீணாகல. நல்லா வெட்டியிருக்கடா செல்வராஜ்."

அவர் என்னை 'டா' போட்டது அந்த ஒரே முறைதான். வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்த நாளில் வந்தது.

வேலுவும் கோட்டீஸ்வரியும் சேர்ந்து வந்தார்கள். வேலு மருத்துவமனைச் சட்டையில், விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். சாதாரணமாக நாங்கள் நோயாளிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. எண்ணைத்தான் பார்ப்போம். மேடம் விஷயத்தைச் சொன்னார். ஒரு நெறிக்கட்டியில் இருக்கிறது, மிகச் சின்னது, ஆனால் விருந்தாளி இல்லை, குடித்தனக்காரன், மருந்து ஏற்ற வேண்டும்.

கோட்டீஸ்வரி மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப நீ தப்பு பண்ல."

"இல்லம்மா."

"ஒரே ஒரு தபா பண்ணியிருக்கக் கூடாதா சார்?"

 

வேலுதான் பேசினார். "நீ கம்முனு இரும்மே. டாக்டரம்மா, அது எம்மாம் பெரிசு?"

"கடுகுல பாதிகூட இருக்காது."

வேலு தன் விரல் நுனியைப் பார்த்தார். "அவ்ளோதானா? இத்தவிட பெரிய பெரிய ஆளுங்கல்லாம் என் வண்டியில காசு குடுக்காம ஏறியிருக்காங்க. எறக்கி வுட்ருக்கேன். இவன் இன்னா."

கோட்டீஸ்வரி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எலி எந்தப் பொந்துல கீதுன்னு தெரிஞ்சிபோச்சு. இனிமே மருந்து வெச்சிட வேண்டியதுதான்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "நேத்து உன் மூஞ்சப் பத்தி சொன்னத மன்சுல வெச்சுக்காத சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வைத்துக்கொள்ளவில்லை. கட்டுரையில் வைத்துவிட்டேன்.

மருந்து ஏற்றினார்கள். வேலுவுக்கு முடி போயிற்று, புருவம்கூடப் போயிற்று, நாக்கில் ருசி போயிற்று. மனைவி வைத்த மீன் குழம்பைச் சப்பென்று இருக்கிறது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாராம். எல்லாம் திரும்பி வந்தது. ஆட்டோவை மட்டும் விற்றுவிட்டார்.

பிற்பாடு ஒரு வெள்ளிக்கிழமை வறுவலுக்கு நடுவில் மேடத்திடம் கேட்டேன், அதை நாம் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. நான் எதிர்பார்த்த பதில் வேறு. அவர் எலும்பை ஓரமாக வைத்துவிட்டு, "திரும்பி வந்திருக்குமா, வராம இருந்திருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாதுப்பா. பார்த்தோம், உள்ளதை எழுதினோம், மருந்து கொடுத்தாங்க, மனுஷன் இருக்கார். நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். அந்தப் பதிலில் எனக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம். இப்போது அதுதான் நிம்மதி. வேலுவின் உயிரைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டிய சுமை எனக்கு இல்லை. ஒரு கட்டையை ஒழுங்காகச் சீவினேன். அதற்குச் சால்வை போதும், கேக் அதிகம்.

அந்த ஸ்கேனர் விழாவில் நித்யா பெட்டகத்திலிருந்து பழைய ஸ்லைடுகள் சிலவற்றை எடுத்து இயந்திரத்துக்குப் பரீட்சை வைத்தார். எண்ணைப் பார்த்தேன், அதில் ஒன்று வேலுவுடையது. நாங்கள் முதல் நாள் பார்த்து முழித்தோமே, அந்த ஓரத்துப் புள்ளி. ஒரு வாய் காபி குடிப்பதற்குள் இயந்திரம் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டுவிட்டது. எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன், மனசாரத்தான். கரிக்கு நடுவில் தேடித் தேடிக் கண் பூத்துப்போன டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். பழக்க தோஷத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது: "இது யாருது?"

நித்யா சிரித்தார். "அத அது சொல்லாது சார். அதுக்குத்தான் இவங்க ரெண்டு பேரும்." மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். புதுக் கத்திகள். ஒன்றில் பச்சைப் புள்ளி, ஒன்றில் சிவப்புப் புள்ளி.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் மீன் வாங்க அனகாபுத்தூர் போகிறேன். சேலையூரிலேயே மீன் கிடைக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் என்று எஸ்தர் கேட்பதை நிறுத்திவிட்டாள். கோட்டீஸ்வரி பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து அறுப்பார். வேலு தராசைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். புருவம் அடர்த்தியாக முளைத்திருக்கிறது, முன்பைவிட அழகு என்பது அவருடைய சொந்தக் கருத்து.

போன ஞாயிற்றுக்கிழமையும் போனேன். கூட்டம் இருந்தது. என்னைப் பார்த்ததும் கோட்டீஸ்வரி கத்தியைத் தண்ணீரில் அலசி உயர்த்திக் காட்டினார்.

"சாருக்கு எதுல அறுக்க? சைவக் கத்தியா, அசைவக் கத்தியா?"

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் குழம்பிப்போய், "மீன எப்டிம்மா சைவக் கத்தில அறுப்ப?" என்று கேட்டார்.

"அது பெரிய கதை தாத்தா. நீ சங்கரா வாங்கிக்கினு கெளம்பு."

வேலுவுக்கு அந்த வாரம் வருஷப் பரிசோதனை என்று எனக்குத் தெரியும். கேட்க வாய் வரவில்லை. வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். செதில் சீவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், கோட்டீஸ்வரியே சொன்னார்.

"இந்த வருசமும் எவனும் வூடு கேட்டு வர்ல சார். டூ-லெட் போர்டையே எடுத்துட்டோம்."